திரும்பிப் பார்க்கும் தெரு

நாளுக்கு ஒரு புகைப்படம், அதுவும் தான் குடியிருக்கும் பேட்டையை விட்டு வெளியே போகாமல். இப்படி ஒரு விரதம் எடுத்துக்கொண்டவர்கள் இன்று நிறையப் பேர். கைபேசியில் காமிரா வந்தபின் இது சிரமமான காரியம் இல்லை. சிரமம் இல்லாததாலேயே இதில் விமர்சனத்துக்கு வேலை இல்லை என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை.

திருவல்லிக்கேணியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், கவிதையும் எழுதுகிறவர், ஒரு வருஷம் இப்படி எடுத்த படங்களை எங்கள் வட்டத்தில் சிலருக்குக் காட்டினார். 365ஐயும் தபால் கார்டு அளவில் அச்சிட்டு ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றிலிருந்து 40ஐப் பொறுக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, பெரிதாக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். 40ம் நல்ல படங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெட்டியில் மிச்சமிருந்த 325ஐயும் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த 40க்கும் 325க்கும் உள்ள உறவைப் பற்றியது.

முதலில் 40. விடியற்காலையில் கோலம் போடும் பெண்ணின் முதுகு. மூடிய இரும்பு ஷட்டர் மேல் விழும் மரக்கிளை நிழல். மேன்ஷன் கைப்பிடிச் சுவரில் காயும் வேட்டி. குளத்துப் படிக்கட்டில் ஒரு கிழவர், எதிர் வெளிச்சத்தில், வெறும் உருவக் கோடாக. மழைத் தண்ணீரில் தலைகீழாக ஒரு சைக்கிள். வெளிச்சம் எங்கே விழும், எந்த நிமிஷம் விழும் என்று ஒரு வருஷம் நடந்து கற்றுக்கொண்டவரின் படங்கள். ஒன்றிலும் அலங்காரப் பசப்பு இல்லை. ஆனால் 40ஐயும் ஒருசேரப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஒரு மனிதர்கூட நம்மைப் பார்க்கவில்லை. முதுகு, நிழல், பக்கவாட்டு முகம், குனிந்த தலை. நாற்பது படங்களிலும் ஒரு ஜோடிக் கண்கூட இல்லை.

கண்கள் எல்லாம் பெட்டியில் இருந்தன. கைக்கு வந்தபடி எடுத்தால் நாலைந்துக்கு ஒன்றில் யாராவது நேராகப் பார்க்கிறார்கள். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கியபடியே பார்க்கிறார். ஆட்டோவிலிருந்து ஒரு குழந்தை. கோலம் போட்ட அதே பெண், இப்போது நிமிர்ந்து நிற்கிறாள். கையில் மாவு டப்பா, வாய் பாதி திறந்திருக்கிறது. “என்னா சார், தெனம் எங்க வாசலையே புடிக்கிறீங்க?” என்று கேட்டாளாம். நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கேள்வி இருக்கும் படம் பெட்டிக்குள் போய்விட்டது. கேள்வி பிறப்பதற்கு முந்தைய முதுகு சுவரோரம் இருக்கிறது.

325ம் பொக்கிஷம் என்று சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் சாதாரணப் படங்கள். கடமைக்கு எடுத்தவை, ஆடியவை, சோம்பலில் ஜன்னலிலிருந்தே எடுத்தவை. தினமும் என்ற நியதி உள்ள எந்தக் காரியத்திலும் இது இருக்கும். தேர்வு வேண்டும்தான். என் கேள்வி வேறு. தேர்வு எதை அழகு என்று நினைத்து நடந்தது? மோசமான படங்களோடு சேர்த்து, தன்னைத் தெரிந்துகொண்ட முகங்களையும் ஏன் ஒரே பெட்டியில் தள்ளியது?

இந்த ரஸனைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. நண்பர் மேற்கோள் காட்டிய பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் யோசெஃப் சூடெக். முதல் உலக யுத்தத்தில் வலது கையை இழந்தவர். பிராக் நகரத்தில் ஒரு முற்றத்திலிருந்த தன் மர ஸ்டூடியோவின் ஜன்னலை 1940இலிருந்து 1954வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், நீர் வழியும். அதற்கப்பால் முற்றத்தில் ஒரு வளைந்த மரம். மனிதர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் தொடங்கிய வருஷத்தைக் கவனிக்க வேண்டும். பிராக் ஜெர்மானியரின் பிடியில் இருந்த காலம். தெருவில் காமிராவோடு நிற்பது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். சூடெக் உள்ளே இருந்தார். உள்ளே இருப்பதைத்தான் படமெடுத்தார். அவர் படங்களின் விஷயம் மரம் அல்ல, இடையிலுள்ள கண்ணாடி. நான் இந்தப் பக்கம் இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு படமும் ஒப்புக்கொள்கிறது.

இன்னொருவர் ஆந்த்ரே கெர்த்தேஸ். புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் பேர் வாங்கி, 1936இல் நியூயார்க் போய், அங்கே தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற மனக்குறையோடு வாழ்ந்தவர். ஆங்கிலம் அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. 1952இல் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாவது மாடிக்குக் குடிபோனார். அங்கிருந்து, தொலைவைப் பக்கத்தில் இழுக்கும் லென்ஸ்களை வைத்துக்கொண்டு, கீழே பனியில் நடப்பவர்களை எடுத்தார். 1977இல் மனைவி இறந்தபின், அவள் சாயலை நினைவூட்டிய ஒரு சிறு கண்ணாடிச் சிலையை அதே ஜன்னலில் வைத்து போலராய்டில் எடுத்துக்கொண்டே இருந்தார். கெர்த்தேஸின் தூரம் அவருடைய வாழ்க்கையின் தூரம். கீழே நடந்தவர்களில் யாரும் அவரை அறிய மாட்டார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது அந்தப் படங்களின் சத்தியம்.

நம் நண்பருக்கு இந்தத் தூரம் கிடையாது. அவர் தெருவில் நடக்கிறார். இருபது வருஷமாக அங்கே குடியிருக்கிறார். இஸ்திரிக்காரருக்கு அவருடைய சட்டைகளின் காலர் அளவு தெரியும். டீக்கடையில் அவர் வாய் திறக்குமுன் சர்க்கரை இல்லாத டீ வந்துவிடும். இவ்வளவு நெருக்கத்தில் எடுத்த படங்களிலிருந்து, பின்னால் உட்கார்ந்து, பிராக் ஜன்னலின் தனிமையையும் பன்னிரண்டாவது மாடியின் தூரத்தையும் பிரித்தெடுத்திருக்கிறார். சூடெக்கிடமும் கெர்த்தேஸிடமும் தூரம் அனுபவம். இங்கே அது எடிட்டிங்கின் விளைவு. 40ஐயும் பார்க்கிற அந்நியர் ஒருவர், இதை எடுத்தவர் வெளியூர்க்காரர், ஒரு வாரம் வந்து தங்கிப் போனவர் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எடிட்டிங் என்பதில் பொறுக்குவதோடு மற்ற வேலைகளும் அடக்கம். இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, கறுப்பு வெள்ளை. தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்கள் 40இல் ஒரு படம். சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக, நல்ல லயத்தோடு இருக்கின்றன. பெட்டியில் அதே படத்தின் வண்ண அச்சு இருந்தது. பச்சை, ஆரஞ்சு, ஊதா, மஞ்சள். அந்த வண்ணங்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. எது யாருடைய குடம், யாருக்கு அடுத்து யார் என்பதைத் தெரு அந்த நிறங்களை வைத்துத்தான் அறிகிறது. வரிசையில் சண்டை வந்தால் சாட்சி சொல்பவை அவையே. நிறத்தை எடுத்ததும் குடங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விட்டார்கள். மிஞ்சியது வடிவம்.

இரண்டாவது, கம்பிகள். இப்போது கைபேசித் திரையில் விரலால் தேய்த்தால் கேபிள் கம்பி மறைந்துபோகிறது. பின்னாலிருந்த வானத்தை இயந்திரமே இட்டு நிரப்பிவிடுகிறது. சில படங்களில் நண்பர் இதைச் செய்திருக்கிறார். கம்பிகள் பார்வையைக் கெடுக்கின்றன என்பது அவர் வாதம். ஆனால் திருவல்லிக்கேணி சந்துகளில் ஒரு மாடியிலிருந்து எதிர் மாடிக்குப் போகும் கம்பி, இரண்டு குடும்பங்களுக்கு இடையே ஏதோ ஒரு ஏற்பாடு. கொடுக்கல் வாங்கல், சலுகை, சில சமயம் திருட்டு. அதைத் துடைத்துவிட்டால் சந்துக்கு வானம் கிடைக்கும், எதிர்வீடு கிடைக்காது.

அதற்காக வெட்டாதே, தொடாதே என்ற சுத்த வாதத்தை நான் பிடித்துக்கொள்ளவில்லை. படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது என்பதை ஒரு நெறியாகவே வைத்திருந்தவர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன். ஆனால் பாரிஸில் சேன்-லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம் 1932இல் அவர் எடுத்த, தண்ணீரைத் தாண்டும் மனிதனின் படம் வெட்டப்பட்டதுதான். பலகை இடுக்கு வழியே எடுத்ததால் பலகை ஓரத்தில் விழுந்துவிட்டது. பலகை போனதால் படம் பொய்யாகிவிடவில்லை. கத்தரி பாவம் அல்ல. கத்தரிக்கு வெளியே யார் போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

எடிட்டிங்கே இல்லாத ஓர் உதாரணமும் உண்டு. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31இலிருந்து நாளுக்கு ஒரு போலராய்டு எடுத்தார். 1997 அக்டோபர் 25இல், தன் 41ஆவது பிறந்தநாள் அன்று, புற்றுநோயில் இறக்கும்வரை எடுத்தார். 6,000க்கு மேற்பட்ட படங்கள். போலராய்டில் நெகடிவ் கிடையாது. இருட்டறை வேலை கிடையாது. இவருக்கு இரண்டாவது படமும் கிடையாது. காலையில் எடுத்துவிட்டால் மாலையில் எவ்வளவு நல்ல காட்சி வந்தாலும் இல்லைதான். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலான படங்கள் கலையின் பேச்சுக்கே வராது. ஆனால் நண்பர்கள் காமிராவைப் பார்க்கிறார்கள், சாப்பாட்டு மேஜை இருக்கிறது, கடைசியில் ஆஸ்பத்திரி வருகிறது. வரிசையாகப் பார்க்கும்போது ஒரு மனிதன் வாழ்ந்துவிட்டுப் போனது தெரிகிறது. இது முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை; பொறுக்காததை எல்லாம் கலை என்று கொண்டாடினால் சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ் கொடுத்ததாகும். அந்த வரிசை எதிர்முகங்களைத் தாங்கிக்கொண்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சொன்ன பதில் லேசானது அல்ல. “காமிராவைப் பார்க்கிறவர் ‘ஏன் எடுக்கிறாய்’ என்று கேட்கிறார். அது பாதி மறுப்பு. மறுத்தவரை எடுத்துச் சுவரில் வைப்பது எனக்கு உரிமை இல்லாத காரியம். அதனால்தான் அந்தப் படங்களை விலக்கினேன்” என்றார். நியாயமான கூச்சம். ஆனால் வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். பார்க்காதவர் மட்டும் சம்மதம் கொடுத்தாரா? கோலம் போடும் பெண்ணின் முதுகை எடுத்தபோது அவளுக்குத் தெரியவே தெரியாது. மறுக்கிற வாய்ப்புக்கூட அவளுக்கு இல்லை. நிமிர்ந்து கேட்ட படத்திலாவது அவள் ஒரு தரப்பு. முதுகுப் படத்தில் அவள் வெறும் பொருள். கூச்சம் உண்மையானால் முதலில் பெட்டிக்குள் போக வேண்டியது முதுகுதான். அல்லது அவளிடமே 365ஐயும் கொண்டுபோய்க் காட்டி, எது இருக்கலாம் என்று கேட்க வேண்டும். சொந்தப் பேட்டையில் படமெடுப்பவருக்கு மட்டுமே சாத்தியமான காரியம் அது. சுற்றுலாக்காரரால் முடியாது, பன்னிரண்டாவது மாடிக்காரராலும் முடியாது. இந்த வசதி அவரிடம் இருந்தது. அதை அவர் உபயோகிக்கவில்லை.

புகைப்படத்தைப் பற்றி இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், நண்பர் கவிதையும் எழுதுகிறவர் என்பதுதான். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதும் இதே திருவல்லிக்கேணியில்தான். அதிலிருந்து தமிழில் புதுக்கவிதை கற்றுக்கொண்ட முதல் ஒழுக்கம் சிக்கனம். ஓசையை வெட்டு, அடைமொழியை வெட்டு, உபதேசத்தை வெட்டு. அவசியமான வெட்டுதான், அது இல்லாவிட்டால் மேடைப் பேச்சிலிருந்து கவிதை மீண்டிருக்காது. ஆனால் வெட்டிப் பழகிய கைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. முன்னிலையையும் வெட்டிவிட்டது. இன்று நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளைப் பாருங்கள். ஒரு ஜன்னல், ஒரு தெரு, யாரோ ஒருவர் போகிறார், ‘நான்’ பார்க்கிறேன். போகிறவர் நின்று, திரும்பி, “என்ன பார்க்கிறாய்?” என்று கேட்கும் வரி ஏதாவது ஒரு பிரதியில் இருந்திருக்கும். கையெழுத்துப் பிரதியிலிருந்து அச்சுக்குப் போகும் வழியில் அது விழுந்துவிடுகிறது. கச்சிதம் கெடுகிறது என்று ஆசிரியரும் சொல்கிறார், நண்பர்களும் சொல்கிறார்கள். விமர்சகர்களான நாமும் அந்த மௌனத்துக்குத் தீவிரம் என்று பெயர் வைத்துத் தருகிறோம்.

தனிமை ஒரு நிஜமான அனுபவம். அதை அனுபவித்தவன் எழுதட்டும். காலையில் நான்கு பேரோடு பேசிவிட்டு, மத்தியானம் உட்கார்ந்து அந்த நான்கு பேரையும் நீக்கி, மாலையில் தனிமை என்று காட்டுவது வேறு. அதற்கு ரஸனை என்று பெயர் இருக்கலாம். பார்வை என்று பெயர் இல்லை.

நண்பரின் 40இல் ஷட்டர் நிழலையும் தலைகீழ்ச் சைக்கிளையும் குளத்துக் கிழவரையும் நான் வைத்துக்கொள்வேன். குடங்களை வண்ணத்தில் வைப்பேன். கம்பிகளைத் திரும்பக் கட்டுவேன். பெட்டியிலிருந்து இஸ்திரிக்காரரையும் பாய்லருக்குப் பின்னால் இருப்பவரையும், அவர்களிடம் கேட்டுவிட்டு, வெளியே எடுப்பேன். கோலம் போட்ட பெண்ணின் விஷயத்தை அவளே முடிவு செய்யட்டும். இரண்டும் வேண்டாம் என்று அவள் சொன்னால் 39 படங்கள் போதும்.