விண்கலத் தூதரும் தோட்டக் கிராணியும்

1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கலத்தின் செய்தித் தொடர்பு அலுவலராக வருபவர் உஹூரா. கறுப்பினப் பெண்ணொருவர் அப்பொறுப்பில் அமர்ந்தமை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அப்பொறுப்பு வேண்டும் புலமை யாது என்பதே ஈண்டு நமது வினா.

திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதுவரைத் தாமே வகுத்துக் கூறுவார், கூறியது கூறுவார் என இரு வகைப்படுத்துவார். முன்னவரை அமைச்சரோடு ஒப்பவைத்துப் பின்னவரைக் காற்கூறு குணம் குறைந்தவர் என்பது அவர் கருத்து. இப்பாகுபாடு நமக்கு நல்லதோர் அளவுகோலாகிறது.

தொடக்கத் தொடரில் உஹூராவின் கருவித்திறன் ஐயத்திற்கு இடமற்றது. பழுதுற்ற தொடர்புச் சுற்றைத் தம் கையாலேயே சீர்செய்கிறார். ஆயினும் பிறமொழியைப் பெயர்க்கப் பொறியொன்று உண்டு என்ற கற்பனை அவரைப் பெரிதும் கூறியது கூறுவாராகவே நிறுத்திவிடுகிறது. 1991இல் வெளிவந்த திரைப்படத்தில் பொறியைப் பயன்படுத்த இயலாத நிலை நேர்கிறது. அப்போது அவர் கிளிங்கன் மொழி நூல்களைப் புரட்டித் தடுமாறுகிறார். இது நகைச்சுவைக்கென அமைக்கப்பட்டதாயினும், பாத்திரத்தின் புலமையைச் சிதைத்தது என்றே நாம் கருதுகிறோம்.

2001இல் தொடங்கிய ‘எண்டர்பிரைஸ்’ தொடரின் ஹோஷி சாட்டோ, பொறி முதிராத காலத்து மொழியியலர்; கேட்டும் ஒப்பிட்டும் அறியாமொழியின் அமைப்பைக் காண்பவர். 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்திலோ, ரோமுலன் மொழியை வல்கன் மொழியினின்று பிரித்தறிய இயலாத அலுவலரின் இடத்தில் உஹூரா அமர்த்தப்படுகிறார். அவர் முன்னரே இடைமறித்துக் கேட்ட செய்தி, கலம் எதிர்கொள்ளவிருக்கும் பகையை உணர்த்துகிறது. கேட்டதன் பொருளை ஆராய்ந்து உரைப்பதால் அவர் வகுத்துக் கூறுவாராக உயர்கிறார்.

இவ்வேறுபாட்டைத் தமிழர் விண்வெளியிற்சென்று அறிய வேண்டுவதில்லை. ஜொகூரின் லாபிஸ், 1909இல் நிறைவுற்ற கிம்மாஸ் – ஜொகூர் பாரு இருப்புப்பாதையில் அமைந்து, ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர். இத்தகைய தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழ்த் தொழிலாளர்க்கும் இடைநின்றவர் கிராணி. துரைமாருள் தமிழ் கற்றோர் இருந்தனரெனினும், கணக்கும் கடிதமும் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலம் அறியாத தொழிலாளிக்குத் தம் முறையீடு எச்சொற்களில் சென்றடைந்தது, எது விடப்பட்டது என்று அறியும் வழியில்லை. ஆகவே வகுத்துக் கூறும் ஆற்றல் தன்னளவில் அறமாகிவிடாது. அறிவையும் சொல்வன்மையையும் வேண்டும் வள்ளுவர், அன்பையும் உடன்வைத்தமை இதனால் விளங்கும். அறிவியல் புனைகதை இந்த மூன்றாவது பண்பை அரிதாகவே சோதிக்கிறது. பெயர்ப்பவர் தலைவரிடம் பொய்யுரைக்கமாட்டார் என்பதை ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. இதுவே அதன் பெருங்குறை.

இன்று மொழிபெயர்க்கும் பொறி மாணவரின் கைப்பேசியிலேயே உள்ளது. கூறியது கூறும் பயிற்சியோடு மொழிபெயர்ப்பு வகுப்பு நின்றுவிடின், பொறிக்கும் மாணவருக்கும் வேறுபாடு இராது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கடைத்தெருவில் சீனமும் கேட்டு வளரும் லாபிஸ் மாணவர், ஒரே செய்தி மொழிதோறும் வேறுபடுவதை நாள்தோறும் காண்கின்றனர். யாருக்காக, எதனை, ஏன் இவ்வாறு பெயர்த்தோம் என்று அவரை விளக்கச் செய்வதே தமிழாசிரியர் மேற்கொள்ளத்தக்க பயிற்சியாகும்.