'ஊனமுற்ற கடவுள்': ஒரு திறனாய்வு

அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் எழுதி 1994-இல் வெளிவந்த 'ஊனமுற்ற கடவுள்' என்னும் ஆங்கில நூல், உடற்குறை பற்றிய இறையியல் சிந்தனையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. பிறவியிலேயே இடுப்பெலும்புக் குறையுடையவரான ஆசிரியர் 2009-இல் மறைந்தார்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடருக்குக் காண்பித்தவை காயப்பட்ட கைகளும் கால்களுமே (லூக்கா 24:36-39). உயிர்ப்பு அத்தழும்புகளை அகற்றவில்லை. இதுவே நூலின் அடிப்படை. ஆகவே உடற்குறை பாவத்தின் விளைவுமன்று. பொறுமையைப் பயிற்றும் தனிச் சிலுவையுமன்று. பிறருடைய ஈகைக்கு ஒரு வாய்ப்புமன்று. இம்மூன்று விளக்கங்களும் நம் பிரசங்க பீடங்களில் இன்றும் ஒலிக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

திருவிருந்தைப் பற்றி ஆசிரியர் கூறுவது ஆயர்கள் தவறாது வாசிக்கத்தக்கது. மற்றவர் முன்சென்று பெற, தமக்கு மட்டும் இறுதியில் இருக்கையிலேயே வழங்கியதால், ஐக்கியத்தின் பந்தி தனிமையின் சடங்காயிற்று என்கிறார். இதை வாசிக்கையில் என் மனம் குத்துண்டது. முழங்கால் மடங்காத ஒரு மூதாட்டியாரிடம், "நீங்கள் வரவேண்டாம் அம்மா, நானே கொண்டுவருகிறேன்" என்று பல்லாண்டு சொல்லிவந்தவன் நான். அதை அன்பென்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் அவர், "பந்தியில எனக்குப் பக்கத்துல யாருமே இல்லையே, ஐயா" என்றார்.

எனினும் நூலில் ஒரு குறை உண்டு. ஆசிரியர் விரித்துரைப்பது இருவர் வாழ்க்கையை: கைகால்களின்றிப் பிறந்த டயான் டிவ்ரீஸ், இளமையிலேயே நரம்பு நோயுற்ற எழுத்தாளர் நான்சி மேர்ஸ். முதுமையில் பார்வை, செவி, நடை என ஒவ்வொன்றாய் இழப்போரின் துயரம் வேறு. நேற்றுவரை பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் கொடுத்தவர்கள், இன்று பெறுவோர் மட்டுமாகின்றனர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கிராஸ், முதியோரையும் சபை உறவுகளையும் ஆய்ந்து 2008-இல் நூலொன்று வெளியிட்டார். ஆதரவு பெறுவது மட்டுமன்று, பிறருக்கு அளிப்பதும் முதியோர் நலனோடு தொடர்புடையது என்பது அவருடைய ஆய்வுகள் தரும் பாடம். ஆனால் ஆலயத்துக்கு வர இயன்றோரே நலமுடையோராய் இருக்கவுங்கூடும். ஆகவே இத்தகைய முடிவுகளைச் சபையின் பெருமைக்குச் சான்றாக்கலாகாது. வர இயலாதோரைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகள் வேண்டியவை என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 12:22). வேண்டியவை என்றால், அவற்றிடமிருந்து சபை பெறவேண்டியதும் உண்டு. திருவிருந்தை இல்லத்துக்குக் கொண்டுசெல்லும் ஆயர் சபையார் இருவரையாவது உடனழைத்துச் செல்வாராக. அங்கே முதியவர் சபைக்காக மன்றாட, ஆயர் 'ஆமென்' சொல்வாராக.