நானும் களிமண்ணே: எலிகூவின் பேச்சு

யோபு நூலில் எலிகூவின் உரை 32 முதல் 37 வரை ஆறு அதிகாரங்களில் விரிகிறது. மற்ற மூன்று நண்பர்களும் யோபுவை ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, எலிகூ அழைக்கிறான். 33ஆம் அதிகாரத்தில், தானும் அவரைப்போல் களிமண்ணால் உருவானவனே என்றும், தன்னைக் கண்டு அவர் கலங்க வேண்டுவதில்லை என்றும் உரைக்கிறான். துன்புறுவோரை அணுக இதனினும் சிறந்த தொடக்கம் அரிது.

ஆயினும் அத்தாழ்மை நிலைக்கவில்லை. மறுமொழி கூறும்படி அழைத்தவன், அதற்கு இடங்கொடாமல் பேசிச் செல்கிறான். அடுத்த அதிகாரத்திலேயே யோபுவை அக்கிரமக்காரரின் கூட்டாளியாக்குகிறான். களிமண் நீதிபதியாகிவிட்டது! நூலின் முடிவில் தேவன் மூன்று நண்பரையும் கடிந்துகொள்கிறார். எலிகூவைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. அம்மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ள நாம் துணியோம்.

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறுநாளாகிய ஞாயிறு காலை, ஆழிப்பேரலை நம் நகரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து மீனவர் குடியிருப்பினுள் புகுந்தது. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கமே அதன் காரணம். அதனைத் தேவ தண்டனை என்று விளக்கியோரும் அந்நாளில் இருந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் செவியில் அவ்விளக்கம் எலிகூவின் 34ஆம் அதிகாரமாகவே ஒலிக்கும்.

போதகப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர், எலிகூவின் நல்ல தொடக்கத்தை 2ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்பாராக. அங்கே நண்பர்கள் ஏழு நாள் யோபுவோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தனர். தன்னை மண்ணென்று கூறுபவன், மறுமொழி வரும்வரை காத்திருக்கவும் கற்கவேண்டும்.