காதுக்கு வந்த எழுத்து

திண்டுக்கல் என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் தங்கள் எழுத்தில் எழுதியபோது முதல் தகரத்தைக் குழைத்துவிட்டார்கள்; இரட்டைக் ககரத்தையும் ஒற்றையாக்கிக் குழைத்துவிட்டார்கள். ரயில் நிலையப் பலகையில் இரண்டு பெயர்களும் இன்றும் நிற்கின்றன. அதற்காக யாரும் அவர்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஆனால் வேடசந்தூரிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ கல்லூரிக்கு வரும் பையன், ஆட்டைக் குறிக்கும் 'கோட்' என்ற ஆங்கிலச் சொல்லை, உடுத்துகிற 'கோட்' போலவே சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று வருஷமும் வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ஒலிக்குறிகள் நம் வகுப்புகளுக்கு வந்தன. ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியோ, தென் இங்கிலாந்துப் பேச்சை வைத்து எண்ணினால், 44. ஆகவே ஒலிக்கு ஒரு குறி என்று வகுத்துக்கொண்டார்கள். 1886-ல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் சிலர் கூடி அமைத்த சங்கம் தொடங்கிய வேலை அது. 1917-ல் டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி அதை ஆசிரியர்களின் மேஜைக்குக் கொண்டுவந்தது. நம் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் புழங்குவது 1981-ல் வெளிவந்த டி. பாலசுப்ரமணியனின் பாடநூல். இந்திய மாணவனை மனத்தில் வைத்து எழுதிய நல்ல புத்தகம். குறை புத்தகத்தில் இல்லை. அதை நாம் படிக்கிற விதத்தில் இருக்கிறது.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் வரும் பேராசிரியர் ஹிக்கின்ஸை நினைத்துப் பாருங்கள். பூக்காரப் பெண் பேசுவதை அவர் கேட்கிறார். கேட்டதைக் குறியில் எழுதுகிறார். எழுதியதை அவள் உச்சரிப்புப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார். குறி அங்கே காதுக்கும் வாய்க்கும் நடுவே நிற்கிறது. நம் தேர்விலோ, அச்சிட்ட பத்தியைக் குறியில் பெயர்த்தெழுதச் சொல்கிறோம். காகிதத்தில் பிறந்தது காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது. முழு மதிப்பெண் வாங்கியவன்கூட, 'போட்டோகிராபர்' என்ற சொல்லின் இரண்டாவது அசையை அழுத்திச் சொல்லி ஒருமுறையும் கேட்டிருக்க மாட்டான்.

நமக்கு இந்த வித்தை புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. நாக்கு எங்கே தொட்டால் எந்த ஒலி பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லி வைத்திருக்கிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இடம் பார்த்து ஒலி மாறுவதால் நமக்கு ஒரே எழுத்துப் போதும். ஆங்கிலத்தில் அதே மாற்றம் உடுப்பை ஆடாக்கிவிடுகிறது. ஆகவே இரண்டு குறி வேண்டும். இதை விளக்கிச் சொன்னால், தன் நாக்கில் ஏதோ ஊனம் என்று நினைத்திருக்கும் பையனின் சந்தேகம் தீரும். தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும் அந்த ஆங்கில 'இ'யைக் கண்டு மிரள்கிறவனிடம், 'டீச்சர்' என்ற சொல்லின் கடைசியில் தேய்கிற உயிர்தான் அது என்று சொல்லி, 'பட்டு', 'நாக்கு' என்று முடியும் குற்றியலுகரத்தைக் காட்டலாம். இரண்டும் ஒரே ஒலியல்ல. ஆனால் உயிர் குறுகுவது என்றால் என்ன என்று அவன் வாய்க்கு ஏற்கனவே தெரியும்.

ஜோன்ஸ் மாதிரியாக எடுத்துக்கொண்டது, பெரிய விடுதிப் பள்ளிகளில் ஆண்களைப் படிக்கவைத்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சு. திண்டுக்கல் பையன் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக வேண்டியதில்லை. அவன் சொல்வது சென்னையிலும் சிங்கப்பூரிலும் புரிந்தால் போதும். அதற்குக் குறிப்பலகையைச் சுவரில் மாட்டினால் மட்டும் ஆகாது; வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவனைப் பேசவிட்டு, சிரிக்காமல் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்த ஆசிரியர் கையில்தான் இந்தக் குறிகளுக்கு உயிர் வரும்.