ஐந்து பேர் சேர்ந்து கண்ட கனவு

அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்த குற்றத்துக்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர் ஜான் பன்யன். 1678இல் அவர் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ தனிமை தோய்ந்த புத்தகம். முதுகில் பாவமூட்டையைச் சுமந்த ஒருவன், மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு நாசபுரியை விட்டு ஓடுகிறான். வழியில் துணைக்கு ஆள் கிடைத்தாலும் பயணம் அவனுடையது மட்டுமே. இந்தக் கதையை ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழு கூட்டாக உட்கார்ந்து இசையாக்கினால் என்ன கிடைக்கும், என்ன கைநழுவும்? நீல் மோர்ஸ் பேண்ட் 2016 நவம்பரில் வெளியிட்ட ‘த சிமிலிட்யூட் ஆஃப் எ ட்ரீம்’ இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது.

மோர்ஸுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. கிறிஸ்தவ நம்பிக்கை பற்றிக்கொண்ட பிறகு, 2002இல், தான் வளர்த்த ‘ஸ்பாக்ஸ் பியர்ட்’ குழுவை உதறிவிட்டு வெளியேறியவர் அவர். அடுத்த ஆண்டு வந்த ‘டெஸ்டிமொனி’ அந்த மனமாற்றத்தின் சுயசரிதை. லூதரைப் பற்றிய ‘சோலா ஸ்கிரிப்துரா’ 2007இல் வந்தது. அவையெல்லாம் மோர்ஸின் தனிப்படைப்புகள். மைக் போர்ட்னாயின் டிரம்ஸும், ‘சோலா ஸ்கிரிப்துரா’வில் ராண்டி ஜார்ஜின் பேஸும் அவற்றுக்குத் தோள் கொடுத்தன, அவ்வளவுதான். கீபோர்டு வாசிக்கும் பில் ஹூபாவரும் கிடார் வாசிக்கும் எரிக் ஜில்லெட்டும் சேர்ந்த பிறகு நடைமுறையே மாறியது. 2015இல் வந்த ‘த கிராண்ட் எக்ஸ்பெரிமென்ட்’டுக்கு எழுதிவைத்த ஒரு பாட்டும் இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். ஒருவர் ஒரு மெட்டை எடுத்துப்போட, இன்னொருவர் அதைத் திருப்ப, அந்த இடத்திலேயே பாட்டு பிறந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் பன்யனைக் கையில் எடுத்தார்கள்.

இதனால் வந்த லாபத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கையிழப்பின் சேற்றில் பயணி விழும் இடத்தைக் குழு ‘த ஸ்லவ்’ என்று வைத்திருக்கிறது. அதில் பாட்டு வரியே கிடையாது. கனத்த ரிஃப்பும் காலடி தவறும் தாளமும் மட்டுமே. மோர்ஸ் தனியாக எழுதியிருந்தால் அங்கே ஒரு ஜெபப் பாட்டு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்; பேசாமல் இருப்பது அவருக்கு எளிதாகக் கைகூடுவதில்லை. ‘த வேஸ் ஆஃப் எ ஃபூல்’ பாட்டில் ஹூபாவரின் குரல் பீட்டில்ஸ் வாடையோடு துள்ளுகிறது. நடுவழியில் வந்து நைச்சியமாகப் பேசும் உலக ஞானிக்கு அந்த இனிப்புதான் சரி. ஒரே மனிதர் எழுதிப் பாடினால் சோதனைக்காரனும் பிரசங்கியின் குரலில்தான் பேசுவான். இங்கே அவனுக்கென்று ஒரு தொண்டை கிடைத்திருக்கிறது. இருபத்துமூன்று பாட்டுகள், ஒன்றே முக்கால் மணி நேரம். ‘லாங் டே’ மெட்டில் தொடங்கி அதே மெட்டில் முடியும் இந்த நீளத்தில், முன்பு கேட்டது வேறு வேகத்தில் திரும்பத் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. கேட்பவனை வழிதவறாமல் நடத்திப்போவது இந்தப் பின்னல்தான்.

ஆனால் அறையில் ஐந்து பேர் இருந்தால் அறையே சபையாகிவிடுகிறது. எந்த மெட்டுக்கு எல்லோர் முகமும் மலர்கிறதோ அதுவே தங்கும். முகம் மலரச் செய்வது பெரும்பாலும் எழுச்சி, உச்சம், கூட்டுக்குரல். இருண்ட இடங்கள் இந்த வடிகட்டலில் அடிபடுகின்றன. பன்யனின் நூலில் மிகக் கொடூரமான காட்சி எதுவென்றால் இரும்புக் கூண்டு மனிதனைத்தான் சொல்வேன். தனக்கு இனி மனந்திரும்பவே முடியாது என்று நம்பிவிட்டவன் அவன். அவனுக்கு ஆறுதல் சொல்லாமலேயே பன்யன் கதையை நகர்த்திவிடுவார். இந்த ஆல்பத்தில் அந்தக் காட்சி ஆர்கனும் கிடாரும் முறுக்கிக்கொண்டு வரும் ப்ளூஸ் ராக்; தலையாட்டிக் கேட்கலாம். அருமையான வாசிப்புதான், மறுக்கவில்லை. கூண்டுக்குள் இருப்பவன் மட்டும் அங்கே இல்லை.

இன்னொரு சிக்கல், யார் பாடுகிறார் என்பது. மூன்று பேர் முன்னணிக் குரல் கொடுக்கிறார்கள், ஆனால் பாத்திரத்துக்கு இன்னார் என்ற வரையறை இல்லை. ஒரே பயணி ஒரு பாட்டில் மோர்ஸ், அடுத்ததில் ஜில்லெட். இதே மோர்ஸ் 2019இல் ‘ஜீசஸ் கிரைஸ்ட் த எக்ஸார்சிஸ்ட்’ என்று தானே எழுதிய ராக் ஓபராவில் இயேசுவுக்கு டெட் லெனார்டு, யூதாசுக்கு நிக் டிவர்ஜிலியோ என்று ஆள் பிரித்துக் கொடுத்தார். இசையாகப் பார்த்தால் ‘சிமிலிட்யூட்’ அதைவிட வளமானது. ஆனால் நாடகம் என்றால் யார் பேசுகிறார் என்பதாவது தெரிய வேண்டாமா?

பன்யனை இன்னொரு வடிவத்துக்கு மாற்றியவர்களைப் பற்றிப் பேசும்போது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை விட்டுவிட முடியாது. திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான அவர், இதே கதையைக் கம்பனின் நடையில் ‘இரட்சணிய யாத்திரிக’மாகப் பாடினார், அது 1894இல் நூலாக வந்தது. அவரும் அழுவார், உருகுவார். ஆனால் அந்த உருக்கத்துக்குத் தனி இடம் வைத்தார்: கதையை நிறுத்திவிட்டு, தேவாரம் என்றே பெயரிட்ட பாடல்களை இடையிடையே அமைத்தார். பாடி முடித்ததும் கதை தன் போக்கில் போகும். நீல் மோர்ஸ் பேண்டிடம் இந்தப் பிரிப்பு இல்லை. ‘ப்ரெத் ஆஃப் ஏஞ்சல்ஸ்’ போன்ற ஆராதனைப் பாடலும் கதையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. பாதி வழியிலேயே பயணி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது போன்ற நிறைவு, சொல்லப்போனால் திகட்டல், வந்துவிடுகிறது. வெளிவரும் முன்பே இந்த ஆல்பத்தை ‘டாமி’, ‘த வால்’ ஆகிய ராக் ஆல்பங்களோடு ஒப்பிட்டார் போர்ட்னாய். ‘த வால்’ தன் நாயகனை வெறுக்கவும் துணிந்த ஆல்பம். அந்தத் துணிச்சல் இங்கே எங்கே?

அது அடுத்த முறை கொஞ்சம் வந்தது. 2019 ஜனவரியில் வெளிவந்த ‘த கிரேட் அட்வென்ச்சர்’, கைவிடப்பட்ட மகனின் கண்வழியே தொடர்கிறது. பன்யனின் 1684ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் பக்தியோடு பின்தொடர்ந்து போவார்கள். குழுவோ பிள்ளையைக் கோபக்காரனாக்கியது: சொர்க்கம் தேடிப் போன அப்பா என்னை ஏன் விட்டுவிட்டுப் போனார்? மூலநூலில் பிள்ளைகள் கேட்காமல் கடந்த கேள்வி இது. இதைக் கேட்கும்போது ஐந்து பேரின் வாசிப்பிலும் முந்தைய ஆல்பத்தில் இல்லாத ஒரு கடுப்பு ஏறுகிறது. கூட்டு உழைப்பு இருட்டை விரட்டித்தான் தீரும் என்று நான் மேலே சொன்னதற்கு இது பாதி மறுப்பு. பாதிதான். இரண்டாவது தட்டு முடிவதற்குள் மகனும் சமாதானமாகி, ‘எ லவ் தட் நெவர் டைஸ்’ என்ற கடைசிப் பாட்டின் பேரலையில் எல்லோரும் கைகோத்துவிடுகிறார்கள். அப்பாவின் குற்றத்துக்கு அவர் வாயால் ஒரு வரி பதில்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.