ஓரம் யாருக்கு?

பழைய கிதாபுகளைப் புரட்டியவர்கள் அவற்றின் பக்க அமைப்பை மறந்திருக்க மாட்டார்கள். நடுவே மூலம், அதைச் சூழ்ந்து விரிவுரை, ஓரத்தில் ஹாஷியா எனப்படும் குறிப்புகள். கற்றவர் ஒருவர் தமக்குப் பின் வருவோருக்காக ஒரு திருத்தத்தையோ விளக்கத்தையோ எழுதிவைக்க இடம் தந்தது அந்த ஓரம்.

இந்த நினைவோடுதான் விக்கிப்பீடியாவின் புதிய வாசிப்பு அமைப்பை நாம் அணுகினோம். ‘வெக்டர் 2022’ எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பு, 2010இல் வந்த அமைப்புக்கு மாற்றாக, ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தென்காசி, குற்றாலம் ஆகிய நம் ஊர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளை இவ்வமைப்பில் வைத்துப் படித்துப் பார்த்தோம்.

நிறைகளை முதலில் சொல்வதே முறை. திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடிய வரிகள், இப்போது நூலின் வரிகளைப்போல் அளவுபட்டு நிற்கின்றன. அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி அலைந்த கண்ணுக்கு இது பேருதவி. உள்ளடக்கப் பட்டியலும் இடப்புறத்தில் நம்முடனேயே வருகிறது; ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பக்கத்தின் உச்சிக்கு ஏறவேண்டியதில்லை.

ஆனால் இந்த அளவுகள் தமிழுக்கென வகுக்கப்பட்டவை அல்ல. உருபும் விகுதியும் சேர்ந்து நீள்வன நம் சொற்கள், எழுத்துகளும் அகன்றவை. எனவே அதே அகலத்தில் தமிழ் வரி கொள்ளும் சொற்கள் குறைவு. குறுகிய உள்ளடக்கப் பத்தியில் நீண்ட தமிழ்த் தலைப்புகள் இரண்டு மூன்று வரிகளாக மடிகின்றன. எழுத்தின் அளவையும் பத்தியின் அகலத்தையும் வாசகர் மாற்றிக்கொள்ளப் பின்னர் வசதி தரப்பட்டது உண்மையே. எனினும் வாசகர் தேடிச் சென்று மாற்றுவது வேறு. தமிழுக்கேற்ற அளவு முதலிலேயே அமைவது வேறு.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் நம் மொழியின் பெருமை. ஆயினும் அச்சேறிய வரி மாறாது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய நூல்களிலெல்லாம் குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்து ஊராகவே நிற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, இத்தகைய வரியைக் காணும் வாசகரே திருத்தலாம். அந்த உரிமையே அதன் உயிர்.

அவ்வுரிமையை நினைவூட்டிய ‘அண்மைய மாற்றங்கள்’, ‘உதவி’ போன்ற இணைப்புகள் முன்பு இடப்புறத்தில் எப்போதும் கண்ணில் பட்டன. இப்போது கணக்கின்றி வரும் வாசகருக்கு, அவை மூன்று கோடுகளாலான ஒரு குறிக்குள் மடிந்து கிடக்கின்றன. ‘தொகு’ என்னும் சொல் மேலே இருக்கிறதே எனலாம். இருக்கிறது, ஆனால் அது தமக்கு உரியதென்று புதிதாய் வரும் மாணவருக்கு யார் சொல்வது?

ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் தோற்றத்தில் சில மாற்றங்களைத் தானே செய்துகொள்ள இடமுண்டு. தமிழ் விக்கிப்பீடியர்கள் அதைப் பயன்படுத்தவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தமிழுக்கேற்ற எழுத்தளவு அமையட்டும். வெறுமையாய்க் கிடக்கும் ஓரத்தில், ‘பிழை கண்டால் நீங்களே திருத்தலாம்’ என்ற ஒரு வரியேனும் இடம்பெறட்டும். கண்ணுக்கு இதமான பக்கம் வேண்டியதுதான். ஆனால் படித்துவிட்டுப் போகிறவராக மட்டும் வாசகரை நிறுத்திவிடும் பக்கம் ஒரு பொதுக் களஞ்சியத்திற்குப் போதாது.