தோழியோடு சேர்ந்து படியுங்கள், மணியம்மாவை!

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எவரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் ஒரே ஒரு நாவலைத்தான் சிபாரிசு செய்கிறேன். ராஜம் கிருஷ்ணன் எழுதி 1991இல் வெளிவந்த 'பாதையில் பதிந்த அடிகள்'. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போய், வீடு ஓய்ந்து, இனிமேல் நமக்கென்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் வயதில் நம்மைப் பிடித்து உலுக்க, நான் படித்த வரையில் இதற்கு ஈடான நாவல் தமிழில் இல்லை. அதிலும் இது எங்கள் கீழத்தஞ்சைக் கதை. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைச் சேற்றில் நடந்த கதை.

கதாநாயகி கற்பனையில் பிறந்தவர் அல்ல. மணலூர் மணியம்மா என்று ஒரு காலத்தில் திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரமே அறிந்திருந்த மனுஷி. வசதியான பிராமணக் குடும்பம். நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூலையும் ஒரு வெள்ளைப் புடவையும்தான் மிச்சம். அவரோ தாயாரோடு மணலூர் வந்து பண்ணையைத் தானே ஏற்று நடத்தினார். தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டார். சைக்கிள் விட்டார், சிலம்பம் பழகினார். முதலில் கதரும் காங்கிரசும், பிறகு செங்கொடி. ஊர் 'முடிந்தது' என்று முடிவு கட்டிய இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை ஆரம்பித்தது! இதைப் படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கு இந்த நாவலில் உயிர்நாடியாகத் தெரிவது மணியம்மாவுக்கும் சேரிப் பெண்களுக்கும் இடையில் வளரும் உறவு. அன்றைய தஞ்சாவூர்ப் பண்ணைகளில் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் சர்வ சாதாரணம். 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்து, கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்து, 1944இல் மிராசுதார்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும் வரைக்கும் அந்த ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களோடு போய் நின்றவர் மணியம்மா. நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது என்று சொந்த மனிதர்கள் ஒதுக்கிய ஒரு பெண்ணை, நடவு நட்டுவிட்டு வந்த பெண்கள் தங்கள் குடிசைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் அவர்களுக்குச் செய்தது நிறைய. அவர்கள் அவருக்குச் செய்ததை அதைவிடப் பெரிதாக நான் நினைக்கிறேன். தனியாக அறைக்குள் உட்கார்ந்து யோசித்து அவர் தன்னைக் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் பல பெண்களின் கஷ்டத்துக்குள் போய்த்தான் தான் யார் என்று தெரிந்துகொண்டார்.

நான் இதைப் பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து படித்தேன். சம்பா அறுப்பு முடிந்து கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த மத்தியானங்களில், அவள் ஒரு அத்தியாயம், நான் ஒரு அத்தியாயம் என்று வாய்விட்டுப் படித்தோம். மணியம்மா முடியை வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் அவள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "ஏன்டி, இப்படி ஒரு ஆள் நம்ம பக்கத்துல இருந்தாங்கன்னு நமக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லியே!" என்றாள். வீட்டுக்காரர் போன பிறகு நிலத்துக் குத்தகைக் கணக்கைக் கொழுந்தனாரிடமே விட்டு வைத்திருந்தவள் அவள். படித்து முடித்த வாரம் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிவிட்டாள். இப்போது நெல் கொள்முதல் நிலையத்துக்கு அவளே போகிறாள். ஒரு புத்தகத்துக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

எழுதியவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1925இல் காவிரிக்கரை முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் கல்யாணமாகி, பெரிய படிப்பு எதுவும் இல்லாமல் தானே படித்து எழுத வந்தவர் ராஜம் கிருஷ்ணன். 'குறிஞ்சித் தேன்' எழுத நீலகிரியில் படகர்களோடு பழகினார். 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளங்களில் அலைந்தார். நம் வயல்காட்டு ஜனங்களை 'சேற்றில் மனிதர்கள்' நாவலில் எழுதினார். 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். அத்தனைக்கும் பிறகு, அறுபதைக் கடந்த வயதில், மணியம்மாவோடு பழகியவர்களைக் கிராமம் கிராமமாகத் தேடிப் போய்ப் பேசினார். நேரில் பார்க்காத ஒருத்திக்காக இப்படி அலைவதைத் தோழமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

1953இல் மணியம்மா ஒரு மான் குத்தி இறந்துபோனார். அந்தப் பக்கங்களை நாங்கள் இருவருமே சத்தமாகப் படிக்கவில்லை. அந்தச் சாவு தற்செயலா என்ற சந்தேகம் ஜனங்கள் மனதில் இருந்ததை நாவல் மறைக்கவில்லை. அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது.

நேப்பிள்ஸ் நகரத்துத் தோழிகள் இருவரைப் பற்றி எலெனா ஃபெரான்டே எழுதிய நான்கு நாவல்களை உலகமே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தகுதியானவைதான். ஆனால் நம் கொல்லைப்புறத்துப் பொக்கிஷத்தை நாம் தூசு தட்டாமல் வைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். இதை முடித்த கையோடு திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரரான சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' நாவலையும் எடுங்கள். கப்பலுக்குப் போன புருஷன் வராமல் போக, வேதாரண்யம் உப்பளங்களை நம்பி மூன்று பெண் குழந்தைகளை வளர்க்கும் சுந்தராம்பாளும் மணியம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுந்தவள்தான்.

ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே, 2009இல், அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. காசு செலவில்லாமல் செல்பேசியிலேயே தேடிப் படிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். தனியாகப் படிக்காதீர்கள். பேசிப் பல வருஷமான தோழி ஒருத்தி உங்களுக்கும் இருப்பாள். அவளை இன்றைக்கே கூப்பிட்டு, முதல் அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.